கம்பம் பள்ளத்தாக்கும் மூன்று திரைப்படங்களும்

1886ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையே ஒரு குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. பெரியாற்றின் குறுக்கே அணை கட்டி நீரைத் தேக்கிக்கொள்ள 8,000 ஏக்கர் நிலம்; ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை; குத்தகைக் காலம் 999 ஆண்டுகள். கர்னல் பென்னிகுயிக் 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் சட்டப் பிறப்பு இதுதான். 125 ஆண்டுகள் கழித்து அந்த 999 என்ற எண் ஒரு திரைப்படத்தின் பெயரில் வந்து அமர்ந்தபோது, கம்பம் பள்ளத்தாக்கில் அதன் பொருளை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வரும் நீர் லோயர் கேம்பில் மின்சாரம் தந்துவிட்டு, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களில் பாய்ந்து வைகை அணைக்குப் போகிறது. பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்த நீரை நம்பி நிற்கிறது. இந்த ஊர்களில் ராவுத்தர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. சிலருக்கு நெல்வயலும் தென்னந்தோப்பும். சிலருக்கு ஏலக்காய் வியாபாரம். பலருக்கு அன்றாடக் கூலி. உத்தமபாளையத்தில் 1956இல் எழுந்த ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி இந்த மண்ணில் நம் முன்னோர் ஊன்றிய வேருக்குச் சான்று. ஆகவே பள்ளத்தாக்கின் முஸ்லிமுக்கு இரண்டு அக்கறைகள் உண்டு. தண்ணீர் ஒன்று, தீன் மற்றொன்று. கருத்துச் சுதந்திரம் என்ற கேள்வி கடந்த பதினைந்து ஆண்டுகளில் மூன்று முறை அவர் வாசலுக்கு வந்தது. மூன்று முறையும் திரைப்படத்தின் உருவில் வந்தது.

முதலாவது, 2011 நவம்பரில் வெளிவந்த 'டேம் 999'. சோஹன் ராய் இயக்கிய இப்படத்தில் ஒரு பழைய அணை உடைகிறது. 1975இல் சீனாவில் பான்சியாவ் அணை உடைந்த பேரழிவே கதைக்குத் தூண்டுதல் என்றார் இயக்குநர். ஆனால் அப்போது இடுக்கிப் பகுதியில் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டு, அணை உடையப் போகிறது என்ற அச்சம் கேரளமெங்கும் பரவியிருந்தது. அந்த மக்களின் அச்சத்தைப் போலி என்று ஒதுக்கிவிட முடியாது. அதே அச்சம் 'பழைய அணையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டு' என்ற கோரிக்கைக்கு எரிபொருளானதையும் மறுக்க முடியாது. படம் வெளியாவதற்கு முந்தைய நாள் தமிழக அரசு அதைத் தடை செய்தது. பிற விஷயங்களில் எதிரும் புதிருமாக நிற்கும் கட்சிகள் எல்லாம் இதில் ஒன்றாக நின்றன. ஒரு படைப்பாளியின் உரிமை பறிபோகிறதே என்று தமிழகத்தில் கவலைப்பட்டவர்கள் மிகச் சிலரே. பள்ளத்தாக்கில் நாமும் கவலைப்படவில்லை.

அடுத்த மாதமே நிலைமை திரும்பியது. 2011 டிசம்பரில் எல்லையில் பதற்றம் மூண்டது. இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன தமிழர்கள் விரட்டப்பட்ட செய்திகள் வந்தன. குமுளிச் சாலையில் போக்குவரத்து நின்றது. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் லோயர் கேம்ப் நோக்கி நடந்தனர். எல்லாச் சமயத்தவரும் அதில் இருந்தனர். அவர்களைத் தடுக்க அரசு கையில் எடுத்தது 144 தடை உத்தரவு. 'டேம் 999' விவசாயியின் மனத்தைப் புண்படுத்தும் என்று சொல்லித் தடை விதித்த அதே அரசு, விவசாயியே வாய் திறந்து தெருவுக்கு வந்தபோது அவனையும் கூடாதே என்றது. பொது அமைதி கெடும் என்பதே இரு முறையும் காட்டப்பட்ட காரணம்.

இந்த 144ஐ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பதினான்கு மாதங்களில் அது மீண்டும் வந்தது. அம்முறை நாமே கேட்டு வந்தது.

2013 ஜனவரியில் கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' வெளியாகவிருந்தது. முன்கூட்டிப் பார்த்த முஸ்லிம் அமைப்புகளின் பிரதிநிதிகள், தொழுகையும் திருக்குர்ஆன் ஓதலும் கொலைக் காட்சிகளோடு பிணைக்கப்பட்டிருப்பதாகக் கூறி எதிர்த்தனர். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் 'துப்பாக்கி' வந்து, எதிர்ப்புக்குப் பிறகு படக்குழு வருத்தம் தெரிவித்திருந்தது. அந்தக் கோபத்தை வெறும் சகிப்பின்மை என்று எழுதியவர்கள் அவசரப்பட்டார்கள் என்றே இன்றும் கருதுகிறேன். 1992இன் 'ரோஜா' தொடங்கி இருபது ஆண்டுகளாகத் தமிழ்த் திரையில் தாடியும் தொப்பியும் எதற்கு அடையாளமாயின என்பதை நாம் அறிவோம். வெளியூரில் வாடகைக்கு வீடு தேடிய இளைஞன் பெயரைச் சொன்னதும் கதவு சாத்தப்படும் அனுபவம் திரையோடு தொடர்பில்லாதது அன்று.

ஆனால் கோபத்தின் நியாயம் ஒன்று; அதற்குத் தேடிய பரிகாரம் வேறொன்று. மாவட்ட ஆட்சியர்கள் 144இன் கீழ் படத்தைத் திரையிடத் தடை விதித்தனர். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி தடையை நீக்க, மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அந்த நீக்கத்தை நிறுத்தியது. 524 திரையரங்குகளுக்குப் பாதுகாப்புத் தரப் போதிய காவலர்கள் இல்லை என்றார் அன்றைய முதல்வர் ஜெயலலிதா. முடிவில் சில காட்சிகளில் திருத்தம் செய்ய ஒப்புக்கொள்ளப்பட்டு, பிப்ரவரி 7 அன்று படம் வெளியானது. தடையின் பரபரப்பிலேயே படத்துக்குக் கிடைத்த விளம்பரம் தனிக் கதை. நமக்கு மிஞ்சியது ஒரு பட்டப்பெயர். 'டேம் 999' தடையின்போது மௌனமாக இருந்த ஏடுகள், இம்முறை கருத்துரிமையின் காவலர்களாக எழுந்து நம்மைப் பார்த்துப் பாடம் நடத்தின. இந்த இரட்டை அளவுகோலைச் சுட்டிக்காட்ட நமக்கு முழு உரிமை உண்டு. சுட்டிக்காட்டும் கையில் நம்முடைய அளவுகோல் எத்தனை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் நிலை அன்றே தெளிவாகத்தான் இருந்தது. சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வெடிக்கும் என்ற மிரட்டலுக்காக ஒரு கருத்தை நசுக்க முடியாது. அப்படி நசுக்குவது சட்டத்தின் ஆட்சியை மிரட்டலிடம் ஒப்படைப்பதாகும். பாதுகாப்புத் தருவது அரசின் கடமை என்று நீதிமன்றம் சொன்னது. வெடிமருந்துக் கிடங்கில் விழும் பொறிபோல, பேச்சுக்கும் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் அளவு. 2011இலும் 2013இலும் இந்த அளவு யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. எண்ணிக்கையும் ஓசையும் அதிகமுள்ள பக்கம் தராசு சாய்ந்தது. எண்ணிக்கையை வைத்து உரிமை வழங்கும் நாட்டில் சிறுபான்மையின் கதி என்ன என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

இதற்கு முன்னும் இப்பாதையில் நாம் நடந்திருக்கிறோம். 1920களில் லாகூரில் நபிகள் நாயகத்தை (ஸல்) இழிவுபடுத்தி ஒரு நூல் வெளியானது. அதன் பதிப்பாளர் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானதும் முஸ்லிம்கள் கொதித்தெழுந்தனர். அதன் விளைவாக 1927இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 295ஏ சேர்க்கப்பட்டது. அந்தச் சட்டத்தை ஆதரித்த ஜின்னாவே, நேர்மையான வரலாற்று ஆய்வும் விமர்சனமும் இதற்கு இரையாகிவிடக் கூடாது என்று எச்சரித்தார். அவர் அஞ்சியது வீணன்று. புண்பட்டோம் என்று யாரும் சொல்லலாம், யார் மீதும் வழக்குப் போடலாம் என்ற நிலைக்கு அது வந்து சேர்ந்தது. இன்று அந்த வழக்குகளின் குற்றவாளிக் கூண்டில் முஸ்லிம் இளைஞர்களும் நிற்கிறார்கள்.

இறைமறை இதில் நமக்குக் காட்டும் வழி கவனிக்கத்தக்கது. இறைவசனங்கள் மறுக்கப்பட்டு, எள்ளி நகையாடப்படுவதைக் கேட்டால், பேசுவோர் வேறு பேச்சுக்குச் செல்லும் வரை அவர்களோடு உட்காராதீர்கள் என்கிறது அந்நிஸா அத்தியாயத்தின் 140ஆம் வசனம். எழுந்து செல்லச் சொல்கிறது. பேச்சு மாறினால் திரும்பி வந்து அமர்வதையும் அது விலக்கவில்லை. மறுபுறம், அல்லாஹ்வையன்றி மற்றவர்கள் அழைக்கும் தெய்வங்களை ஏசாதீர்கள், அவர்கள் அறியாமையால் அல்லாஹ்வை ஏசிவிடுவார்கள் என்கிறது அல்அன்ஆம் அத்தியாயத்தின் 108ஆம் வசனம். இன்று 'அரசியல் சரிநிலை' என்று கல்வியாளர்கள் சொல்லும் சொல்லடக்கத்தின் சிறந்த பகுதி இதில் இருக்கிறது. அடுத்தவரின் வாயை மூடச் சொல்லும் கட்டளையாக வராமல், பேசுபவன் தன் நாவுக்குத் தானே இட்டுக்கொள்ளும் கட்டாக அது வருகிறது. கொடுங்கோல் ஆட்சியாளன் முன் சொல்லப்படும் நீதியான சொல்லே சிறந்த ஜிஹாத் என்ற நபிமொழியைப் பள்ளிவாசல்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பேசும் உரிமை இல்லாத இடத்தில் அந்தச் சொல்லை எங்கிருந்து சொல்வது?

வீட்டுக்குள்ளும் இக்கேள்வி உண்டு. குமரி மாவட்டம் தக்கலையைச் சேர்ந்த கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் 2007இல் ஒரு கட்டுரைக்காக அவருடைய ஊர் ஜமாஅத்தால் விலக்கி வைக்கப்பட்டார். அவர் எழுதியதோடு எனக்கு உடன்பாடில்லை. எழுத்தை மறுக்க ஆலிம்களிடம் ஆயிரத்து நானூறு ஆண்டு அறிவுச் செல்வம் இருக்கிறது. மறுப்பு எழுதியிருக்கலாம், மேடையில் விவாதித்திருக்கலாம். திருமணத்திலும் மையத்திலும் ஒருவரைத் தனிமைப்படுத்துகிற ஊர்விலக்கை எழுத்துக்குப் பதிலாக வைத்தால், பதில் இல்லாததால்தான் என்று ஊரார் முடிவு கட்டுவார்கள். 2017இல் அவர் மறைந்தார். அந்த விவாதம் நடக்கவேயில்லை.

மீண்டும் அணைக்கு வருவோம். பள்ளத்தாக்கு தன் தண்ணீரை எப்படிக் காத்தது? திரைப்படத் தடையால் ஓர் அடி நீர்கூட உயரவில்லை. தமிழகப் பொதுப்பணித் துறையின் மூத்த பொறியாளர்கள் அணை எவ்வாறு வலுப்படுத்தப்பட்டது என்பதை விளக்கி ஆவணப்படம் எடுத்து ஊர்தோறும் காட்டினர். அதைவிட வியப்பானது கேரளப் பக்கம் நடந்தது. நீர்மட்டத்துக்கும் அணையின் பாதுகாப்புக்கும் தொடர்பில்லை என்ற பொருளில் 2011 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தில் பேசிய அம்மாநிலத் தலைமை வழக்கறிஞர் தண்டபாணி, சொந்த மாநிலத்தில் கடும் கண்டனத்துக்கு ஆளானார். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதியரசர் ஏ.எஸ். ஆனந்த் குழுவில் கேரளத்தின் சார்பில் இருந்தவர் நீதியரசர் கே.டி. தாமஸ். ஆய்வுகளைப் பார்த்த பின் அணை பாதுகாப்பாகவே உள்ளது என்ற முடிவில் அவரும் நின்றார். அதற்காக வசைகளையும் வாங்கினார். 2012இல் குழு அறிக்கை தந்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க அனுமதித்தது. அவ்வாண்டு நவம்பரில் நீர்மட்டம் அந்த அளவைத் தொட்டது. மலையாளிகளின் மனம் புண்படுகிறது என்று சொல்லி அந்த இருவரின் வாயையும் அடைத்திருந்தால், இழப்பு முதலில் கம்பத்து வயலுக்குத்தான்.

மூன்றாவது படம் 2025 மார்ச் 27 அன்று வந்த 'எம்புரான்'. பிருத்விராஜ் இயக்கி மோகன்லால் நடித்த மலையாளப் படம். அதில் அணை உடைவது குறித்த வசனங்கள் முல்லைப் பெரியாற்றைச் சுட்டுகின்றன என்று பள்ளத்தாக்கு விவசாயிகள் கொதித்தனர். தயாரிப்பாளருக்குச் சொந்தமான நிறுவனத்தின் கம்பம் கிளை முன் ஆர்ப்பாட்டம் நடந்தது. காட்சிகளை வெட்ட வேண்டும் என்பது கோரிக்கை. அதே நாட்களில் அதே படத்தின் வேறு காட்சிகளை வெட்டச் சொல்லி வேறு சிலர் முழங்கிக்கொண்டிருந்தனர். அவை 2002 குஜராத்தில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதை நினைவூட்டும் காட்சிகள். மோகன்லால் வருத்தம் தெரிவித்தார். 24 இடங்களில் வெட்டு விழுந்தது. கலவரத்தை நடத்தும் வில்லனின் பெயர்கூட மாற்றப்பட்டது.

ஒரு வணிகப் படத்தில் நம் மக்களின் கண்ணீர் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டப்படுவது அரிது. வராதது வந்தபோது, வெட்டு என்ற குரலைப் பள்ளத்தாக்கு முஸ்லிம் இரண்டு திசையிலிருந்தும் கேட்டார். ஒரு திசையில் எழுந்த குரல் அவருடைய சொந்த ஊர்க்காரர்களுடையது, ஒருவேளை அவருடையதும்கூட. மறு திசைக் குரல் குஜராத்தை மறக்கச் சொன்னது. இரண்டு குரல்களும் முறையிட்டது ஒரே படத்தொகுப்பாளரின் மேசையில்; இரண்டும் சொன்ன காரணம், எங்கள் மனம் புண்படுகிறது.

144 இப்போது அந்த எண்ணில் இல்லை. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 163ஆம் பிரிவு. ஆட்சியரின் அதிகாரம் மட்டும் அப்படியே இருக்கிறது.