ஒளியும் ஏழையும்

இறையில்லத்தை அழகு செய்தல் வழிபாடா, வீண்செலவா? இவ்வினா நமக்குப் புதிதன்று.

பாரிசுக்கு வடக்கே, சேன் தெனி துறவுமடத் தலைவர் சூஜே, தம் ஆலயத்தின் பழைய பீடப்பகுதியை இடித்துப் புதிதாக எழுப்பினார். கூர்வளைவுகள் கூரையின் பாரத்தைத் தூண்களில் இறக்கவே, கனத்த சுவர்கள் விலகின. வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் அவ்விடத்தை நிரப்பின. 1144 ஜூன் 11 அன்று அது அர்ச்சிக்கப்பட்டது. கோதிக் கலை அங்கே பிறந்தது என்பர். கண் காணும் ஒளி, காணா ஒளியிடம் மனத்தை உயர்த்தும் என்பதே சூஜேயின் நம்பிக்கை.

அதே தலைமுறையில் புனித பெர்நார்து எதிர்க்குரல் எழுப்பினார். ஏறத்தாழ 1125இல், கிளனி துறவியரின் பகட்டைக் கண்டித்தெழுதிய நூலில், ஆலயச் சுவர்கள் மின்ன, ஏழைகள் வாடுவது தகுமோ என்று கடிந்தார். அவர்தம் சிஸ்டர்சியன் சபையின் ஆலயங்களில் அணிகள் அருகின. வெறுங்கல்லும் வெயிலுமே பேசின.

பீடத்தைப் பொன்னால் அணிசெய்த சூஜேயோ, தாம் வாழ்ந்தது அணியற்ற சிற்றறையில் என்று அவர் வரலாற்றை எழுதிய துறவி குறிக்கிறார். இருவரும் சந்திக்கும் இடம் அதுவே.

பங்குப் பேரவையில் பளிங்குத் தரையைப் பற்றிப் பேசும்போது, இவ்விருவரையும் அருகில் அமர்த்திக்கொள்வோம். இது உள்ளத்தை இறைவனிடம் உயர்த்துமா என்று ஒருவர் கேட்கட்டும். இதனால் எந்த ஏழை காத்திருக்கிறார் என்று மற்றவர் கேட்கட்டும். இரண்டிற்கும் விடை கூறிய பின்னரே கல் நாட்டுவோம்.