புலி, மீன், சிங்கம், கோபுரம்: கடலூர் – சிதம்பரம் மண்ணில் சின்னங்களின் கதை

வெறும் காகிதம் எப்போது ஆவணம் ஆகிறது? அதன் மேல் ஒரு முத்திரை விழும்போதுதான். பட்டாவாக இருந்தாலும் சரி, மதிப்பெண் பட்டியலாக இருந்தாலும் சரி, முத்திரை இல்லையென்றால் அதற்கு மதிப்பில்லை. முத்திரையில் இருக்கும் படம் அழகுக்காக வரையப்பட்டதல்ல. "இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு" என்று ஒரு அதிகாரம் தன்னை அறிவிக்கும் விதம் அது. கடலூரையும் சிதம்பரத்தையும் சுற்றியுள்ள ஐம்பது கிலோமீட்டருக்குள் இப்படிப்பட்ட பல அதிகாரங்கள் தங்கள் சின்னங்களைப் பதித்துவிட்டுப் போயிருக்கின்றன.

ஐரோப்பாவில் குலச்சின்ன மரபு 12ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. முகம் மூடிய கவசத்துடன் போரிடும் வீரனை அடையாளம் காண அவன் கேடயத்தில் வரைந்த ஓவியமே நாளடைவில் குடும்பச் சொத்தாகி, தந்தையிடமிருந்து மகனுக்குப் போனது. யாருக்கு எந்தச் சின்னம் என்று பதிவு செய்ய இங்கிலாந்தில் 1484இல் தனி அமைப்பே உருவானது. தமிழகத்தில் சின்னம் கேடயத்தில் இல்லை. கொடியிலும் காசிலும் முத்திரையிலும் இருந்தது. சோழருக்குப் புலி, பாண்டியருக்கு மீன், சேரருக்கு வில் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்.

சோழ முத்திரை சொல்வது என்ன?

1905இல் கிடைத்த முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் 31 ஏடுகள் உள்ளன. அவற்றைக் கோத்திருக்கும் வளையத்தில் அரச முத்திரை இருக்கிறது. அதில் புலி மட்டும் இல்லை. அமர்ந்திருக்கும் புலியோடு இரண்டு மீன்களும் வில்லும் இருக்கின்றன. மேலே வெண்கொற்றக் குடை, பக்கத்தில் சாமரங்கள். சுற்றிலும் உள்ள வடமொழி வாசகம், இராசேந்திரனின் ஆணை மற்ற மன்னர்களின் மணிமுடிகள் மேல் விளங்குகிறது என்ற பொருளில் அமைந்தது.

பாண்டியனின் மீனும் சேரனின் வில்லும் சோழன் முத்திரைக்குள் வந்தது நட்பினால் அல்ல. தோற்றவனின் சின்னத்தை எடுத்துத் தன் குடைக்குக் கீழே வைத்துக்கொள்வதே வெற்றியின் அறிவிப்பு. ஐரோப்பாவில் இரு குடும்பங்கள் மண உறவில் இணைந்தால் இரண்டு சின்னங்களும் ஒரே கேடயத்தில் சேரும். இங்கே அந்த வேலையைப் போர் செய்தது!

தில்லையும் முடியும்

சின்னமும் படையும் இருந்தால் மட்டும் ஒருவன் அரசனாகிவிட முடியுமா? பெரியபுராணத்தில் வரும் கூற்றுவ நாயனார் கதை இதற்குப் பதில் சொல்கிறது. களந்தையை ஆண்ட கூற்றுவனார் பல நாடுகளை வென்றார். முடி ஒன்றுதான் குறை. தில்லைவாழ் அந்தணரிடம் முடிசூட்டும்படி கேட்டார். சோழ குலத்தவருக்கன்றி வேறு யாருக்கும் சூட்டமாட்டோம் என்று அவர்கள் மறுத்துவிட்டுச் சேர நாட்டுக்குப் போய்விட்டார்கள். மனம் வருந்திய அவருக்கு இறைவன் தன் திருவடியையே முடியாகச் சூட்டினார் என்கிறார் சேக்கிழார். பக்திக் கதைதான். ஆனால் வாளால் நாடு கிடைக்கும், அரசன் என்ற அங்கீகாரம் கிடைக்காது என்ற அரசியல் உண்மையும் அதற்குள் இருக்கிறது.

சோழர் தளர்ந்த பிறகு நிலைமை மாறியது. சேந்தமங்கலத்திலிருந்து ஆண்ட காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கன் 13ஆம் நூற்றாண்டில் மூன்றாம் இராசராச சோழனையே சிறைப்பிடித்தான். சிதம்பரம் கோயிலின் தெற்குக் கோபுரத்துக்குச் "சொக்கச்சீயன்" என்று காடவர் பட்டப்பெயரே வழங்குகிறது. சீயம் என்றால் சிங்கம். அதே கோபுரத்து வாயிலின் கூரையில் பாண்டியரின் மீன் செதுக்கப்பட்டிருக்கிறது. சோழருக்கு மட்டுமே முடி என்ற தில்லையில், ஒரே வாசலில் சிங்கத்தின் பெயரும் மீனின் உருவமும் நிலைத்துவிட்டன.

கடலூருக்கு வந்த வணிகக் குறி

1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையைச் செஞ்சி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது சென்னை ஆளுநர் எலிகு யேல். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நிலமும் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் "குண்டு கிராமங்கள்" என்றே பெயர் வந்தது. புனித டேவிட் கோட்டை என்று பெயர் பெற்ற அந்த இடம், 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபின் 1752 வரை கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடமாக இருந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைக் கைப்பற்றி இடித்தார்.

கம்பெனிக்கு இரண்டு சின்னங்கள் இருந்தன. ஒன்று சிங்கங்கள் தாங்கும் கேடயம். மற்றொன்று சரக்கு மூட்டைகளில் போடும் பொதிக்குறி. இதய வடிவத்தை நான்காகப் பிரித்து, கம்பெனியின் முதலெழுத்துகளை எழுதி, உச்சியில் 4 போன்ற ஒரு கோடு. இந்தச் சரக்கு எங்களுடையது என்பதற்கு மேல் அதற்கு வேறு அர்த்தம் இல்லை.

ஆனால் சரக்கின் மேல் இருந்த குறி காசின் மேலும் ஏறியது. இதில் கம்பெனியின் சாமர்த்தியம் கவனிக்கத்தக்கது. கடைவீதியில் செல்ல வேண்டிய தங்க வராகனில் அது திருமால் உருவத்தையே அச்சிட்டது. வராகன் என்ற பெயரே விசயநகர மரபின் பன்றிச் சின்னத்திலிருந்து வந்ததுதான். ஏழைகள் கையில் புழங்கும் செப்புக் காசில் தன் குறியைப் போட்டது. 1808இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சான சென்னை மாகாணத்தின் 10 காசு, 20 காசு நாணயங்களில் ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கக் கேடயம், மறுபக்கம் பாரசீக எழுத்து. இவற்றை ஏற்றி வந்த அட்மிரல் கார்டனர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியது. பின்னாளில் கடலுக்கடியிலிருந்து லட்சக்கணக்கில் அந்தக் காசுகள் எடுக்கப்பட்டன. சோழன் முத்திரையில் தோற்றவனின் மீனாவது இருந்தது. கம்பெனியின் கேடயத்தில் இந்த மண்ணைச் சேர்ந்த ஒன்றுமே இல்லை!

கேடயம் பின்னர் உள்ளூர் வேடமும் போட்டது. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் சின்னத்தில் புலி, யானைத் தலைகள், தாமரை எல்லாம் உண்டு. ஆனால் அவை ஆங்கிலக் கேடயத்துக்குள் நிற்கின்றன. வாசகம் லத்தீன் மொழியில். 1877 தில்லி தர்பாரில் சுதேச மன்னர்களுக்கும் இதே பாணியில் குலச்சின்னம் வரைந்த பட்டுக் கொடிகள் வழங்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகச் சொந்தச் சின்னம் வைத்திருந்தவர்கள், வங்காள அதிகாரி ஒருவர் வடிவமைத்த சின்னத்தைப் பரிசாகப் பெற்றுக்கொண்டார்கள்.

கேடயம் போய்க் கோபுரம் வந்தது

தமிழக அரசின் கோபுரச் சின்னம் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த காலத்தில் உருவானது. கடலூரைத் தலைநகராகக் கொண்ட அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், திண்டிவனம் அருகே பிறந்தவர் அவர். அது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்பது பரவலான கருத்து; மதுரை மேற்குக் கோபுரம் என்போரும் உண்டு. மதச்சார்பற்ற அரசுக்குக் கோயில் கோபுரம் பொருந்துமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அதில் எவருடைய வெற்றியும் இல்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தியா குடியரசான 1950ஆம் ஆண்டிலேயே இன்னொரு காரியமும் நடந்தது. அரசுச் சின்னங்களை எவரும் வணிகக் குறியாகப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் வந்தது. படிப்பதற்குச் சாதாரண விதிதான். ஆனால் கடலூரின் கதையோடு சேர்த்துப் பார்த்தால் அதன் கனம் புரியும். ஒரு வணிகக் குறி மெல்ல மெல்ல அரச முத்திரையாக மாறியதைப் பார்த்த மண் இது. கடைக்காரனின் குறி வேறு, மக்களின் முத்திரை வேறு. அந்த எல்லைக்கோடு அழிந்தபோதுதான் நாம் நாட்டை இழந்தோம்.