பரிணாமமும் அறிவார்ந்த வடிவமைப்பு வாதமும்

உயிர்களின் உடலமைப்பில் உள்ள நுட்பம் தானாக வந்திருக்க முடியாது, அறிவுள்ள ஒரு கர்த்தாவின் செயலே அது என்பது அறிவார்ந்த வடிவமைப்பு வாதம். உயிரினங்கள் பொது மூதாதையிடமிருந்து, இயற்கைத் தேர்வு முதலிய காரணங்களால் கிளைத்துப் பிரிந்தன என்பது பரிணாமக் கோட்பாடு. முன்னதையும் அறிவியலாகக் கொள்ளலாமா என்பதே இவ்விவாதத்தின் மையம்.

கர்த்தா உண்டென்ற வாதம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம், உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதால் அதற்கு ஒரு முதல்வன் உண்டு என நிறுவுகிறது. மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பது சித்தாந்திகள் வழக்கமாகக் காட்டும் உவமை. தென்காசிக்குத் தெற்கே, பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர் (இறப்பு 1785) அந்நூலுக்கு எழுதிய மாபாடியத்தில் இவ்வாதம் விரிவாக ஆராயப்படுகிறது. சமணரும் பௌத்தரும் இதை மறுத்தனர். ஆனால் அது அளவை நூல் முறையில் நடந்த தத்துவ வழக்கு. ஓர் உயிரினம் இன்னொன்றிலிருந்து பிரிந்ததா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. மாபாடியத்தை டார்வினுக்கு எதிர்ச்சாட்சியாக நிறுத்துவது இரு தரப்புக்கும் நியாயமாகாது.

இங்கிலாந்தில் வில்லியம் பேலி 1802இல் கடிகாரத்தைச் சான்று காட்டி, உயிர்களுக்கும் ஒரு வடிவமைப்பாளர் வேண்டும் என்றார். 1859இல் வெளிவந்த சார்லஸ் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' அதே நுட்பத்தை வடிவமைப்பாளர் இன்றி விளக்கியது. தமிழ் வாசகர்களிடம் அக்கருத்தைக் கொண்டுசென்றவர்களில் ம. சிங்காரவேலர் முக்கியமானவர், 1930களில் 'குடிஅரசு' இதழில் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். சுயமரியாதை இயக்கத்தின் கடவுள் மறுப்போடு சேர்ந்தே டார்வின் இங்கு அறிமுகமானதால், பரிணாமத்தை ஏற்பவர் நாத்திகராகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கும் இடமாயிற்று. உயிரியலுக்கு அது தேவையற்ற சுமை.

வடிவமைப்பு வாதம் அறிவியல் என்ற பெயரில் வகுப்பறைக்கு வந்தது அமெரிக்காவில். படைப்புவாதத்தை அரசுப் பள்ளிகளில் அறிவியலாகக் கற்பிக்க வகைசெய்த சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1987இல் ரத்து செய்தது. அதன்பின் ஒரு பாடநூலின் கைப்படிகளில் 'படைப்புவாதிகள்' இருந்த இடத்தில் 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' குடியேறினர். வடிவமைப்பு வாதத்தை வகுப்பில் நுழைத்ததை எதிர்த்துத் தொடரப்பட்ட பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வழக்கில் இது அம்பலமாயிற்று. 2005 டிசம்பரில் நீதிபதி ஜான் ஜோன்ஸ், இவ்வாதம் அறிவியல் அன்று எனத் தீர்ப்பளித்தார்.

சோதித்துப் பார்க்க இடம் தருகிறதா என்பதே அறிவியலின் அளவுகோல். அதற்குக் குற்றாலத்துக்கு வடக்கே உள்ள செங்கோட்டைக் கணவாய் நல்ல எடுத்துக்காட்டு. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே தாழ்ந்து, அகத்தியமலைப் பகுதியை வடக்கு மலைகளிலிருந்து பிரிக்கிறது. உச்சிச் சோலைகளில் மட்டும் வாழும் சிறு பறவைகளுக்குத் தாழ்நிலம் ஒரு தடை. பரிணாமம் சரியென்றால், கணவாயின் இரு பக்கத்துப் பறவைகளும் நெருங்கிய உறவினராகவும், அதே சமயம் விலகத் தொடங்கியவையாகவும் இருக்க வேண்டும். உயிரியலாளர் வி. வி. ராபின் குழுவினர் மரபணுவை ஒப்பிட்டபோது அப்படியே தெரிந்தது. பாலக்காட்டுக் கணவாயில் ஏற்பட்ட பிரிவு இதைவிடப் பழையது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே வாழும் சோலைப் பறவை ஒன்றை 2017இல் அவர்கள் தனி இனமாக அறிவித்தனர். வடிவமைப்பாளர் எந்த மலையில் எந்தப் பறவையையும் வைத்திருக்கலாம்; ஆகவே எந்த முடிவு வந்தாலும் அவ்வாதம் தோற்காது. அதன் பலவீனமும் அதுவே.

இந்தியாவில் இவ்விவாதம் நீதிமன்றத்தைவிட அமைச்சகத்தையும் பாடநூலையும் சுற்றியே அதிகம் நடந்தது. குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் கண்டதாகச் சொல்லவில்லை, டார்வின் கோட்பாடு தவறு, பாடத்தை மாற்ற வேண்டும் என்று 2018 ஜனவரியில் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங் பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் கூட்டறிக்கையில் மறுத்தன. மூத்த அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர் இத்தகைய பேச்சைத் தவிர்க்கச் சொன்னார்.

அடுத்த சர்ச்சை பேச்சால் வரவில்லை. தேசிய அளவில் பாடநூல்களை வெளியிடும் என்சிஇஆர்டி, பாடச்சுமையைக் குறைப்பதாகக் கூறிப் பத்தாம் வகுப்பு நூலின் 'மரபும் பரிணாமமும்' பாடத்தை 'மரபு' எனச் சுருக்கியது. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்ப்புக் கடிதத்தில் கையொப்பமிட்டனர். பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமம் இருப்பதாக அரசுத் தரப்பு பதில் சொன்னது. பத்தாம் வகுப்புக்குப் பின் உயிரியலைத் தேர்ந்தெடுக்காத மாணவருக்கு அதனால் பயனில்லை. மாறாக, தமிழ்நாட்டு அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூல் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்ற தனிப் பாடத்தைக் கொண்டுள்ளது.