ஒழுங்கை முடக்கின் விளக்கு

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளிவந்து, பல்கலைக்கழக அனுமதியும் கிடைத்த பின்னர், பெற்றோர் சிலர் நம்மைத் தேடி வருவதுண்டு. அண்மையில் தீவுப்பகுதியிலிருந்து ஒரு தாய் வந்திருந்தார். மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. திருநெல்வேலியில் அறை எடுத்துத்தான் இருக்க வேண்டும். “நூலகத்திலை படிச்சிட்டு இரவிலை தனியத்தான் வரவேணும். பயமில்லையோ சேர்?” என்று கேட்டார்.

எளிய கேள்விதான். ஆயினும் எதற்குப் பயம், யாருக்குப் பயம் என்று எண்ணத் தொடங்கினால் அதன் விடை அரை நூற்றாண்டு வரலாறாக விரிகின்றது.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் கட்டடங்களிலேதான் 1974 ஒக்ரோபர் 6ஆம் திகதி யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. அதன் முதலாவது தலைவராக இருந்தவர், முற்போக்கு இலக்கிய விமரிசகராக நாமனைவரும் அறிந்த பேராசிரியர் க. கைலாசபதி. 1979 சனவரி முதல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பேராதனையைப் போல மலைச்சரிவில் தனித்து அமைந்த கல்வி நகரமன்று இது. மாணவரிற் பெரும்பாலோர் திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் கலட்டியிலும் வாடகை அறைகளில் வாழ்பவர்கள். மதில் முடியும் இடத்திலே பல்கலைக்கழகம் முடிந்துவிடுவதில்லை. அவ்வூர்களின் வேலிகளும் ஒழுங்கைகளும் அதன் பகுதிகளே. ஆகவே மாணவரின் இரவு என்பது ஊரின் இரவேயாகும்.

அவ்விரவுக்குள் ஆயுதம் புகுந்த காலத்தை நாம் மறத்தலாகாது. 1986 நவம்பரில் மாணவரொருவர் கடத்தப்பட்டபோது, சக மாணவர்கள் உண்ணாவிரதமிருந்து இயக்கங்களை நோக்கியே நீதி கேட்டனர். மறு ஆண்டு ஒக்ரோபர் 11ஆம் திகதி இரவு, அமைதி காக்க வந்ததாகக் கூறப்பட்ட இந்தியப் படையினர் வானூர்திகளிலிருந்து வளாக மைதானத்தில் இறங்கினர். தொடர்ந்த சண்டையின்போது அயலிலுள்ள பிரம்படி ஒழுங்கையில் பொதுமக்கள் பலர் உயிரிழந்தனர். உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி துவிச்சக்கரவண்டியில் வீடு திரும்புகையிற் சுடப்பட்டது இரவிலன்று, பகலில். நாடகமும் அரங்கியலும் பயின்ற மாணவியான கவிஞர் செல்வியை 1991 ஓகஸ்டில் விடுதலைப் புலிகள் கொண்டு சென்றனர், அவர் மீளவில்லை. இருளையே குற்றவாளியாக்குவோர் இவற்றுக்கு என்ன விடை கூறுவர்?

உண்மையில் இருளோடு நம் மாணவர்க்கு நெருங்கிய பழக்கமுண்டு. 1990 யூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் குடாநாட்டுக்குத் தெற்கிலிருந்து வந்த மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் விலை ஏறிய நாளில், வெறும் ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெயும் மெல்லிய திரியும் வைத்து எரிக்கும் விளக்கை மக்கள் கண்டனர். அரிக்கன் லாம்பு குடிக்கும் எண்ணெயிற் சிறு பங்கு அதற்குப் போதும். போத்தல் விளக்கின் முன் மூக்கிற் கரி படியப் படித்து, வைத்தியராகவும் ஆசிரியராகவும் ஆனது ஒரு தலைமுறை. நம்மைப் படிப்பித்தவர்கள் அத்தலைமுறையினரே. இருட்டு அவர்களை அச்சுறுத்தவில்லை. தெருநாய் குரைத்தால், குரைப்பின் பின்னே கேட்கக்கூடிய சப்பாத்துச் சத்தமே அச்சுறுத்திற்று. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டதைத் தொடர்ந்து ஊரடங்கு இரவுகளிலும் இதே நிலைதான்.

2009இல் போர் முடிந்தது, மின்சாரமும் வந்தது. அச்சம் போயிற்றா? 2012 நவம்பர் 27ஆம் திகதி மாலை, இறந்தோரை நினைந்து சுடரேற்றிய மாணவரின் விடுதிகளுக்குள் படையினர் புகுந்தனர். மறுநாள் அதனைக் கண்டித்து ஊர்வலம் சென்றோர் தாக்கப்பட்டனர். பின்னர் மாணவர் நால்வர் கைதாகி வெலிக்கந்தைப் புனர்வாழ்வு முகாமுக்கு அனுப்பப்பட்டனர்.

2016 ஒக்ரோபர் 20ஆம் திகதி நள்ளிரவை அண்டிய வேளை, காங்கேசன்துறை வீதியில் குளப்பிட்டிச் சந்தியருகே, மோட்டார் சைக்கிளிற் சென்ற கலைப்பீட மாணவர் இருவர் உயிரிழந்தனர். முதலில் அது வீதி விபத்து என்றே கூறப்பட்டது. பிரேத பரிசோதனை துப்பாக்கிச் சூட்டை வெளிப்படுத்திற்று. பொலிசார் ஐவர் கைதாயினர். மறியலில் நிற்காமற் சென்றதற்கான தண்டனை மரணமா என்று வடக்கு முழுவதும் கேட்டது. தென்னிலங்கை மாணவரும் அக்கேள்வியை எழுப்பினர் என்பதை மகிழ்வுடன் குறிப்பிடுகிறோம்.

காவலரே வேண்டாமென்று நாம் வாதிடவில்லை. பெண்பிள்ளைகளின் துன்பம் வேறொரு வகையினது. மோட்டார் சைக்கிளிற் பின்தொடர்ந்து வந்து சேட்டை செய்வோரைப் பற்றி முறையிட்டால், “ஏன் இந்நேரம் வெளியே போனாய்?” என்ற கேள்வியே முதலில் எழுகின்றது. வாடகை அறைகளின் இரவுகளில் நடக்கும் பகிடிவதையோ பலருக்கு வெளியே சொல்ல முடியாத துன்பம். பேராதனையில் 1997இல் மாணவரொருவர் பகிடிவதையால் இறந்ததை அடுத்து, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. சட்டம் இருக்கிறது, பகிடிவதையும் இருக்கிறது.

இரவில் வெளியே வராதே என்ற புத்திமதி பிற நாடுகளுக்கும் புதிதன்று. இங்கிலாந்தின் வட பகுதியிற் பெண்கள் தொடர்ந்து கொலையுண்ட வேளையில், வீட்டில் இருங்கள் என்று பொலிசார் கூறினர். அதற்கு மறுமொழியாக 1977 நவம்பர் 12ஆம் திகதி இரவு லீட்ஸ் நகரப் பெண்கள் வீதியில் ஊர்வலம் வந்தனர். கொலைகாரன் ஒருவனிருக்க வீட்டுக்குள் அடைபட வேண்டியோர் நாமா என்பது அவர்களது கேள்வி. 2017 செப்ரெம்பரில் காசி இந்துப் பல்கலைக்கழக மாணவிகள் வாயிலில் அமர்ந்து, பாதையில் விளக்கும் முறையான பாதுகாப்பும் கோரினர். அவர்களுக்குக் கிடைத்தது தடியடி. நம் விடுதிகளிலும் படலையை நேரத்தோடு பூட்டுவதே பாதுகாப்பென்று எண்ணுவோர் பலர். பூட்டப்படுவது எப்போதும் மாணவிகளின் படலைதான்.

அந்தத் தாய்க்கு இவ்வளவு வரலாற்றையும் நாம் கூறவில்லை. அறை பார்க்கப் பகலிற் போகாமல் மாலை ஏழு மணிக்குப் போகும்படியும், நூலகத்திலிருந்து அறைவரை நடந்து பார்க்கும்படியும், எந்தக் கடை எத்தனை மணிவரை திறந்திருக்கிறதென விசாரிக்கும்படியும் சொன்னோம். சென்ற கிழமை மீண்டும் வந்தார். ஒழுங்கை முடக்கில் விளக்குக் கம்பம் நிற்கிறதாம், பல்புதான் இல்லையாம். உள்ளூராட்சிச் சபைக்கு ஒரு மனு எழுதித் தரக் கேட்டார். எழுதிக் கொடுத்தோம். அவ்வொழுங்கையில் அறையெடுத்துள்ள ஏனைய மாணவிகளிடமும் வீட்டுக்காரரிடமும் கையொப்பம் வாங்கி வருவதாகச் சொல்லிக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.