கறுப்புப் பெட்டியும் 75 சென்னும்



சென்ற மாதம் தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளன்று, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தை என் மேசைக்கு முன் வந்தமர்ந்தார். மகனின் புள்ளிகளைப் பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை. "சார், பையனுக்கு விமானம்னா உயிரு. ஆனா இப்ப கம்ப்யூட்டர் பாதுகாப்பு படிச்சாத்தான் நல்ல சம்பளம்னு சொல்றாங்க. எதுக்குன்னு இப்பவே தயார் பண்றது?" என்றார். பழைய வானொலிகளைப் பிரித்துப் போட்டு வீட்டைக் குப்பையாக்குகிறான் என்பதால் அந்தச் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டதாகவும், சனிக்கிழமைகளில் இன்னொரு டியூசன் வகுப்பில் அவனைச் சேர்த்துவிட்டதாகவும் கூறினார். நானும் வழக்கம்போல், கணிதத்தையும் அறிவியலையும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வரிசையில் இன்னும் பலர் காத்திருந்தனர்.

ஆயினும் அந்த விடை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வானூர்தித் துறையிலும் கணினிப் பாதுகாப்புத் துறையிலும் பெயர் நாட்டியவர்கள் உண்மையில் என்ன படித்தார்கள், எந்த வேலையிலிருந்து அத்துறைக்கு வந்தார்கள் என்று நான் ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை. ரைட் சகோதரர்கள் மிதிவண்டிக் கடை நடத்தியவர்கள் என்பதை நம் மாணவர்களே அறிவர். அதற்கு அப்பால் எனக்கும் தெரியாது. தேடத் தொடங்கிய பின் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் டேவிட் வாரன். 1925-ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள குரூட் ஐலண்ட் என்னும் தீவில் பிறந்தவர். தந்தை ஒரு கிறித்துவச் சமய ஊழியர். 1934-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், 'மிஸ் ஹோபார்ட்' என்னும் வானூர்தி தாஸ்மானியாவிலிருந்து மெல்பர்னுக்குச் செல்லும் வழியில் கடல்மேல் காணாமற்போயிற்று. அதிலிருந்த பன்னிருவரில் வாரனின் தந்தையும் ஒருவர். வாரனுக்கு அப்போது வயது ஒன்பது. தந்தை கடைசியாக மகனுக்குக் கொடுத்த பரிசு, மின்கலம் இல்லாமலே இயங்கும் ஒரு சிறிய படிக வானொலி. விடுதிப் பள்ளியில் விளக்கணைத்த பிறகும் அச்சிறுவன் அதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பானாம். பிறகு தானே வானொலிகளைச் செய்யவும் கற்றுக்கொண்டான்.

இவர் வானூர்திப் பொறியியல் படித்திருப்பார் என்றுதான் நான் எண்ணினேன். இல்லை. வாரன் படித்தது வேதியியல்! சிட்னிப் பல்கலைக்கழகத்தில் பட்டம், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் எரிபொருள் குறித்த முனைவர் பட்டம். இடையில் ஒரு பள்ளியில் கணிதமும் வேதியியலும் கற்பித்த ஆசிரியராகவும் இருந்திருக்கிறார். (நம் தொழிலுக்கு இதனால் ஒரு பெருமை வந்து சேர்கிறது என்று எண்ணிக்கொண்டேன்; பிழையொன்றுமில்லையே.) 1952-இல் மெல்பர்னில் இருந்த வானூர்தி ஆய்வுக்கூடத்தில் எரிபொருள் வல்லுநராகப் பணியில் அமர்ந்தார்.

அக்காலத்தில் உலகின் முதல் ஜெட் பயணிகள் வானூர்தியான 'காமெட்' ஒன்றன்பின் ஒன்றாக வானிலேயே சிதறியது. 1953-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் கல்கத்தாவிற்கு அருகில் 43 பேருடன் வீழ்ந்த காமெட், நமக்கு மிக அருகிலிருந்து புறப்பட்டதுதான். சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குச் சென்றுகொண்டிருந்த பயணம் அது. 1954-இல் மேலும் இரண்டு காமெட்கள் இத்தாலிக்கு அருகே கடலில் வீழ்ந்தன. எரிபொருள் தொட்டி வெடித்ததா என்று ஆராயும் கூட்டங்களில் வாரனும் அமர்ந்திருந்தார். சுற்றியிருந்தோர் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருக்க, அவர் மனமோ அண்மையில் ஒரு வணிகக் கண்காட்சியில் பார்த்த சிறிய ஜெர்மானிய ஒலிப்பதிவுக் கருவியை எண்ணிக்கொண்டிருந்தது. ஜாஸ் இசையைப் பதிவு செய்யலாமே என்பதற்காகத்தான் அக்கருவியின்மீது அவருக்கு ஆசை. அப்படியொரு கருவி அந்த வானூர்தியில் ஓடிக்கொண்டிருந்து, இடிபாட்டுக்குள் தப்பிப் பிழைத்திருந்தால்? காரணம் சொல்ல உயிரோடு யாரும் இல்லாத இடத்தில், இறுதி நேரப் பேச்சாவது மிஞ்சியிருக்குமே!

1954-இல் அதை ஓர் அறிக்கையாக எழுதினார். யாரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் நான்கு மணி நேரப் பேச்சையும் கருவிகளின் அளவீடுகளையும் எஃகுக் கம்பியில் பதிந்து வைக்கும் மாதிரி ஒன்றையே செய்து காட்டினார். அப்போதும் ஆஸ்திரேலிய அதிகாரிகளிடம் ஆர்வமில்லை. விமானிகளோ, தங்கள் அறைக்குள் ஒற்றனை வைப்பதா என்று எதிர்த்தனர். 1958-இல் ஆய்வுக்கூடத்துக்கு வந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் அக்கருவியைப் பார்த்து வியந்து, வாரனை இங்கிலாந்துக்கு அழைத்தார். அதன் பின்னரே அதற்கு வாழ்வு வந்தது. 1960-இல் குவீன்ஸ்லாந்தின் மெக்கே நகருக்கு அருகில் ஒரு வானூர்தி கடலில் வீழ்ந்து 29 பேர் மாண்டபோது, விசாரித்த நீதிபதி இத்தகைய கருவிகளைக் கட்டாயமாக்கச் சொன்னார். விமானி அறைப் பேச்சைப் பதிவு செய்வதைச் சட்டமாக்கிய முதல் நாடு, முதலில் அதை ஒதுக்கிய ஆஸ்திரேலியாவே ஆயிற்று.

இன்று நாம் அதனைக் கறுப்புப் பெட்டி என்கிறோம். நிறமோ ஆரஞ்சு. 2014-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் எம்.எச். 370 வானூர்தி 239 பேருடன் மறைந்த பிறகு, இந்நாட்டில் அச்சொல்லின் பொருளை அறியாத குழந்தை இல்லை. பெட்டி கைக்குக் கிட்டாத நிலையில், விபத்தின் காரணத்தை உறுதி செய்ய இயலவில்லை என்றுதான் 2018-இல் வெளிவந்த விசாரணை அறிக்கையும் கூறியது. தந்தைக்கு என்ன நேர்ந்தது என்று அறியாமலே வளர்ந்த ஒன்பது வயதுச் சிறுவனை நினைத்தபடியே அவ்வறிக்கைச் செய்தியை மீண்டும் படித்தேன்.

வாரனுக்குச் சற்று முன்னர், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் நடந்த இன்னொரு செய்தி. 'பி-17' என்னும் குண்டுவீச்சு வானூர்திகள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, விமானிகள் இறக்கை மடிப்புகளை உள்ளிழுப்பதற்குப் பதிலாகச் சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டு, ஓடுபாதையிலேயே வயிறு தேய விழுந்தனர். விமானியின் கவனக்குறைவு என்றே எழுதப்பட்டது. 1943-இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, வானூர்தி மருத்துவ ஆய்வுக்கூடத்தில் வேலைக்கு வந்த அல்ஃபோன்ஸ் சபானிஸ் ஓர் உளவியலாளர். அவர் விமானிகளைக் குற்றம் சொல்லாமல் அவர்கள் அமரும் இடத்துக்குப் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரே வடிவில் அருகருகே இருந்தன! ஒன்றின் முனையில் சிறிய இரப்பர்ச் சக்கரத்தையும், மற்றதன் முனையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினார். கை தொட்டவுடனேயே எது எதுவென்று தெரிந்துவிடும். இன்றைய வானூர்திகளிலும் சக்கர விசையின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது. வகுப்பில் முப்பது பேரும் ஒரே பிழையைச் செய்தால் கேள்வித்தாளைப் பார்க்க வேண்டும் என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். சபானிஸ் செய்தது அதுவே.

இனிக் கணினிக்கு வருவோம். கிளிஃபர்ட் ஸ்டோல் வானியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் தொலைநோக்கி வடிவமைப்பில் பணியாற்றினார். 1986-இல் அதற்கான பண உதவி தீர்ந்துபோகவே, வேலையை விட்டு நீக்குவதற்குப் பதிலாக அதே ஆய்வுக்கூடத்தின் கணினிப் பிரிவுக்கு மாற்றினார்கள். புதியவருக்குக் கொடுத்த சிறுவேலை ஒன்று: கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 அமெரிக்க சென் இடிக்கிறது, ஏன் என்று பார்.

நாமாக இருந்தால் கைப்பணத்தைப் போட்டுக் கணக்கை நேர் செய்திருப்போம். கணினியில் தேர்ந்தவர்களும் மென்பொருள் பிழை என்று விட்டிருக்கக்கூடும். வானியலாளருக்கோ சிறு வேறுபாடுதான் பெருஞ்செய்தி. கோளொன்று கணக்கிட்ட இடத்திலிருந்து இம்மியளவு விலகி நின்றால், அதற்குக் காரணமான இன்னொரு பொருள் எங்கோ இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 300 டாலர் வசூலித்த அக்கணினியில் 75 சென் என்பது ஒன்பது வினாடி. யாரோ ஒருவர் ஒன்பது வினாடி கணினியைப் பயன்படுத்திவிட்டுக் கட்டணம் கட்டாமல் போயிருக்கிறார். யார்?

ஒரு வாரயிறுதியில் அலுவலகத்திலிருந்த அச்சுப்பொறிகளையெல்லாம் கேட்காமலே எடுத்துவந்து, ஆய்வுக்கூடத்துக்குள் வரும் தொலைபேசி இணைப்புகளில் பொருத்திவிட்டு அங்கேயே படுத்துறங்கினார் ஸ்டோல். வந்தவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் தாளில் பதிந்தது. அவன் ஆய்வுக்கூடத்தின் வழியாக அமெரிக்க இராணுவக் கணினிகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தான். காவல் துறையினரிடம் சொன்னபோது, 75 சென்னுக்கா என்று கேட்டுத் தட்டிக்கழித்தார்கள். அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வரெஸ், இதைக் குற்றமாகப் பார்க்காதே, ஓர் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டு அளவீடு செய் என்னும் பொருளில் அறிவுரை கூறினாராம். ஸ்டோலும் அவ்வாறே செய்தார். நாள், நேரம், செய்தது என்ன என்று ஒன்றுவிடாமல் குறிப்பேட்டில் எழுதினார். கணினிக்கு மறுமொழி வந்து சேரும் தாமதத்தை அளந்து, ஊடுருவி பல ஆயிரம் மைல் தொலைவில் இருக்க வேண்டும் என்று கணித்தார். இறுதியில், இல்லாத இராணுவத் திட்டம் ஒன்றன் பெயரில் போலிக் கோப்புகளை எழுதிவைத்தார். அவற்றை அவன் நகலெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் தொலைபேசி இணைப்பைப் பின்தொடர்ந்து பிடித்தார்கள். மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் இருந்த மார்கஸ் ஹெஸ் என்பவன் அவன். திருடியவை சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டன. 1990-இல் அவனுக்கும் கூட்டாளிகளுக்கும் எதிராகத் தீர்ப்பு வந்தது. ஸ்டோல் 1989-இல் எழுதி வெளியிட்ட நூலைப் படித்துவிட்டு இத்துறைக்கு வந்தவர்கள் ஏராளம்.

அவர் ஒருவர்தாம் விதிவிலக்கு என்று சொல்ல முடியாது. 1998-இல் அமெரிக்க மேலவையின் முன் அமர்ந்து, முப்பது நிமிடத்தில் இணையத்தை முடக்கிவிட முடியும் என்று எச்சரித்த குழுவில் ஒருவரான பீட்டர் சாட்கோ இசைக் கல்லூரியில் படித்த கிட்டார் கலைஞர். 2003-இல், எல்லாரும் ஒரே இயங்குதளத்தைப் பயன்படுத்துவதே ஆபத்து என்று சக அறிஞர்களுடன் அறிக்கை எழுதி, அதனால் வேலையையும் இழந்த டேன் கீர், உயிரியல் புள்ளியியல் படித்தவர். நோய் எப்படிப் பரவும் என்று கணக்கிடக் கற்றவருக்கு, கணினி நச்சுநிரலும் ஒரு தொற்றாகவே தெரிந்தது. பிரேசிலில் ஹென்ரி ஃபோர்டு வரிசை வரிசையாய் நட்ட இரப்பர் மரங்கள் இலைக்கருகல் நோயில் மாண்ட கதையும் இதுவேயல்லவா? தோட்டப்புறத்தில் வளர்ந்த எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆசிரிய நண்பர்கள் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, எதைப் படித்தாலும் எதுவாகவும் ஆகலாம் என்று மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டாம். வாரனும் சபானிசும் ஸ்டோலும் தங்கள் துறையில் முனைவர் பட்டம் வரை ஆழப் படித்தவர்கள். விமானி ஆக விரும்புபவன் விமானப் பயிற்சிப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். நான் சொல்ல வருவது வேறு. எதற்குத் தயார் செய்வது என்று பத்து வயதுப் பிள்ளைக்கு முன்கூட்டியே முடிவுகட்ட இயலாது. வாரனைத் தயார் செய்த படிக வானொலி எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. குறிப்பேடு எழுதும் பழக்கம், தேர்வில் தனிப் புள்ளி பெறாத ஒன்று. அந்தத் தந்தையிடம் நான் கணிதம், அறிவியல் என்று சொன்னது பொய்யன்று, பாதி விடை.

வரும் வாரம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு அவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வாரனின் கதையை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். டியூசன் கட்டணத்தை மூன்று மாதத்துக்கு முன்பணமாகச் செலுத்திவிட்டாராம். அந்தப் பெட்டியின் பூட்டைப் பற்றி அவரிடம் எப்படிப் பேச்செடுப்பது என்றுதான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.