கடலடியில் கிடைத்த குரற்பதிவு

1985 ஜூன் 23 அன்று, மான்ட்ரியாலிலிருந்து லண்டன் வழியாக டெல்லிக்கு வரவேண்டிய ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானம் அயர்லாந்துக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 329 பேரும் மாண்டனர். விபத்தா சதியா என்பதற்கு விடை தரக்கூடிய இரு பதிவுக்கருவிகள் ஏறத்தாழ 2000 மீட்டர் ஆழத்தில், முக்குளிப்போர் எட்டவியலா இடத்தில் கிடந்தன.

அக்கருவிகள் எழுப்பும் ஒலி ஏறத்தாழ ஒரு மாதமே நீடிக்கும். ஆகவே, முதலில் கப்பல்கள் அவ்வொலியைக் கேட்டு இடத்தைக் குறித்தன. அதன் பின்னரே ‘லியோன் தெவெனின்’ என்ற பிரெஞ்சுக் கப்பலிலிருந்து ‘ஸ்காரப்’ என்னும் ஆளில்லாக் கலம் நீரில் இறக்கப்பட்டது. கடலடித் தொலைபேசிக் கேபிள்களைப் பழுதுபார்ப்பதற்கென உருவான கலம் அது. ரேடியோ அலைகள் கடல்நீரில் நெடுந்தொலைவு செல்லா. எனவே மின்சாரமும் கட்டளையும் கேபிள் வழியே கீழிறங்கின. கேமராக் காட்சி அவ்வழியே மேலேறியது. இயக்குவோர் கப்பலிலேயே அமர்ந்திருந்தனர்.

ஜூலையில் முதலில் விமானியறைக் குரற்பதிவுக் கருவியும், மறுநாள் பறத்தல் தரவுப்பதிவுக் கருவியும் மீட்கப்பட்டன. குரற்பதிவு திடீரென அறுந்திருந்தது. டெல்லி உயர்நீதிமன்ற நீதிபதி பி. என். கிர்பால் தலைமையிலான விசாரணை, கடலடியில் கிடைத்த பிற சான்றுகளையும் சேர்த்து ஆராய்ந்து, முன்புறச் சரக்கறையில் வெடித்த குண்டே காரணம் என 1986இல் முடிவுசெய்தது. அச்சான்றுகள் மேலேறாதிருந்தால், அம்முடிவு வெறும் ஐயமாகவே எஞ்சியிருக்கும்.