இரண்டு ஏக்கர், என்ன மண்?

சோமனூர் பக்கம் காடு வாங்கப் போகிற விவசாயி முதலில் ஏக்கர் கணக்கைக் கேட்பதில்லை. என்ன மண், கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர், வண்டித்தடம் உண்டா என்றுதான் கேட்பார். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் ஊர்களில் இந்த மூன்றும் இல்லாத நிலம் வெறும் கணக்கு. ஏழைகளுக்கு நிலம் கொடுத்த அரசுகள் இதைக் கேட்டனவா?

நிலத்தைத் தரம் பிரிக்க அரசுக்குத் தெரியாமல் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி நில அளவையின்போது கரிசல், செம்மண் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 'தரம்' போட்டு எழுதினார்கள். ஆனால் அது வரி வாங்குவதற்காக. யாரும் உழாதது 'தரிசு' என்று ஒதுங்கியது.

அந்தத் தரிசுதான் பிறகு ஏழைகளிடம் போனது. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891-ல் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. அதுவே பஞ்சமி நிலம். பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. ஆனால் மாடும் கிணறும் இல்லாதவர் கையில் வெறும் பட்டா எத்தனை நாள் நிற்கும்? பெரும்பகுதி கைமாறிப் போனது.

1961 நில உச்சவரம்புச் சட்டத்தைப் பாருங்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 'தர ஏக்கர்' (1970-ல் இது 15 ஆனது). நல்ல நஞ்சை என்றால் ஒரு ஏக்கர், மோசமான புஞ்சை என்றால் 4 ஏக்கர் வரை ஒரு தர ஏக்கர். நிலம் உள்ளவர் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கிடும்போது மண்ணின் தரம் துல்லியமாக எடை போடப்பட்டது.

2006-ல் நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பங்களுக்குத் தலா 2 ஏக்கர் வரை தரிசு நிலம் வழங்கும் திட்டம் தொடங்கியது. நிலத்தைத் திருத்திக் கொடுப்பது அதன் நல்ல அம்சம். ஆனால் மாநிலத்தின் தரிசில் பெரும்பகுதி தனியார் பட்டா நிலம். நீர்நிலைப் புறம்போக்கையும் கொடுக்க முடியாது. மிச்சத்தில் பாறையும் சரளையும் எவ்வளவு என்பது அந்தந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

பட்டா தேவைதான். ஆனால் அதற்கு முன் ஒருவர் மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும், தண்ணீரின் ஆழத்தைக் கேட்க வேண்டும். வாங்குகிறவர் கேட்கும் அந்த மூன்று கேள்விகளைக் கொடுக்கிறவரும் கேட்டால் போதும். ஏழைக்கும் ஏக்கரைத் தரத்தோடு எண்ணலாமே?